உப்புத் தண்ணீரும் அரப்புத் தூளும்

உங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயின் வாயைச் சற்று உற்றுப் பாருங்கள். அதைச் சுற்றி வெண்மையாக, சொரசொரப்பாக ஒரு படிவு இருக்கிறதா? வெந்நீர் காய்ச்சும் அண்டாவின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல ஓர் ஓடு கட்டியிருக்கிறதா? வாளியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா? நீங்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் வசிப்பவராக இருந்தால் மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் 'ஆம்' என்றே விடை சொல்வீர்கள். இங்கே பல வீடுகளில் காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் கிணற்று நீர், அல்லது ஆழ்துளைக் கிணற்று நீர். அதை ஊரார் 'உப்புத் தண்ணீர்' என்பார்கள்.

இந்த உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் தலை குளித்துப் பாருங்கள். நுரை எளிதில் வராது. வந்தாலும் நிற்காது. தலை உலர்ந்த பிறகு முடி பிசுபிசுவென்று சிக்குப் பிடித்திருக்கும். சீப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டும். அதே தண்ணீரில் அரப்புத் தூளோ சீயக்காயோ தேய்த்துக் குளித்தால் முடி தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். உங்கள் அப்பத்தாவோ அம்மாயியோ இதைப் பல முறை சொல்லியிருப்பார்கள். 'அந்தக் காலத்துப் பேச்சு' என்று நீங்கள் காதில் வாங்காமல் போயிருக்கலாம். ஆனால் இதற்குள்ளே நல்ல இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றன. அடுப்படியிலும் சந்தையிலும் கிடைக்கும் பொருள்கள் முடிக்கு எதைச் செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்பதைப் பரிசோதனையின் துணையோடு பார்ப்போம். விளம்பரங்களில் பாதியையும், பாட்டி வைத்தியத்திலும் கொஞ்சத்தையும் கழித்துவிட அது உதவும்.

தண்ணீருக்குள் கல்

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் போகிற வழியிலுள்ள பாறைகளைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைப்பதற்கு எங்கள் பகுதியில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. சேலத்திற்கு அருகே சேர்வராயன் மலையடிவாரத்தில், ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' என்று பெயரிட்ட குன்றுகள் உள்ளன. பெயரில்தான் சாக். அங்கே வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் உண்மையில் மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். சங்ககிரிப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் அங்கே சிமெண்ட் ஆலை எழுந்தது. தோட்டத்தை ஆழ உழுதால் பல இடங்களில் வெள்ளையாகச் சுக்கான்கல் புரண்டு வரும். அதுவும் கால்சியம் கார்பனேட்தான்.

ஆகவே, நாம் 'உப்பு' என்று சொல்வது சாப்பாட்டு உப்பை மட்டும் அன்று. கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டு உலோகங்களின் உப்புகளே இங்கு முக்கியமானவை. இவை மிகுந்த நீரைக் கடின நீர் என்று உங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். இவற்றில் பைகார்பனேட்டாக இருப்பவை காய்ச்சும்போது சிதைந்து, கரையாத கார்பனேட்டாகப் படியும். அண்டாவின் ஓடு இதுதான். மழைக்காலத்தில் பாறையாகப் புறப்பட்டு, நீரில் கரைந்து, உங்கள் வீட்டு அண்டாவில் மறுபடி பாறையாகி உட்கார்ந்திருக்கிறது!

நீரின் கடினத்தன்மையை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற கணக்கில் குறிப்பது வழக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012-ஆம் ஆண்டுக் குறியீட்டின்படி குடிநீரில் இது 200-க்குள் இருப்பது ஏற்றது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு சொம்பின் கணக்கு

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு தோட்டத்துக் கிணற்று நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பகுதியில் இது அரிதான எண் அன்று. 15 லிட்டர் வாளியில் 7.5 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான உப்பு இருக்கும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. ஒரு கால்சியம் அயனி இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு, நீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாறுகிறது. சோடியம் ஸ்டியரேட்டின் மூலக்கூறு எடை 306. கால்சியம் கார்பனேட்டின் எடை 100. ஆக, 100 கிராம் கடின உப்பு 612 கிராம் சோப்பை விழுங்கும். 7.5 கிராம் உப்பு ஏறத்தாழ 46 கிராம் சோப்பை விழுங்கும். ஒரு வாளித் தண்ணீரில் நுரை நிலைத்து நிற்க வேண்டுமானால், அதற்கு முன்பே 46 கிராம் சோப்பை 'காணிக்கை' செலுத்தியாக வேண்டும். அரைக் கட்டி சோப்பு அது!

'வாளி முழுவதிலும் சோப்பைக் கரைத்தா குளிக்கிறோம்?' என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. நாம் தலையில் தேய்க்கும் சோப்பு 2, 3 கிராம்தான் இருக்கும். ஆனால் அதை அலசுவதற்கு ஊற்றுகிறோமே, அந்த முதல் சொம்புத் தண்ணீரைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் சொம்பில் அரைக் கிராம் உப்பு. அது 3 கிராம் சோப்பைக் கரையாத பொருளாக்கிவிடும். அதாவது, தலையில் உள்ள சோப்பு முழுவதையும் வெள்ளைப் பிசுக்காக மாற்றி, முடியின் மேலேயே படியவைக்க முதல் சொம்பு போதும். அடுத்து எத்தனை சொம்பு ஊற்றினாலும் நீரில் கரையாத பொருளை நீரால் கரைக்க முடியாது. அழுக்கை நீக்கப் போட்ட சோப்பே அழுக்காகி நிற்பது இப்படித்தான். சீப்பில் ஒட்டிய வெள்ளை எது என்பதும் இப்போது விளங்கும்.

அரப்பு எப்படித் தப்புகிறது?

அரப்பு என்பது உசிலை மரத்தின் இலை. அறிவியலார் இம்மரத்தை அல்பிசியா அமரா என்பர். மழை குறைந்த கரட்டு நிலங்களில் தானாக வளரும். இலையை நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்தால் பச்சை நிறத் தூள் கிடைக்கும். எங்கள் ஊர்ச் சந்தைகளில் இதைப் படியால் அளந்து விற்பதைப் பார்க்கலாம். சீயக்காய் மலையிலிருந்து வருவது. முள் நிறைந்த ஒரு காட்டுக் கொடியின் காய். கொல்லிமலை, சேர்வராயன் மலைகளில் சேகரித்துக் கீழே கொண்டு வருவார்கள். பூந்திக்கொட்டையும் இவ்வினத்தோடு சேர்த்து எண்ணத் தக்கது.

தாவரக் குடும்பத்தால் இவை எல்லாம் ஒன்றல்ல. ஆயினும் இவற்றுக்குள் பொதுவாக ஒரு பொருள் இருக்கிறது. அதன் பெயர் சப்போனின். 'சாப்போ' என்றால் இலத்தீன் மொழியில் சோப்பு. சப்போனின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் சர்க்கரைத் தொடர். அது நீரை விரும்பும். மறுமுனை கொழுப்பு போன்றது. அது எண்ணெயை விரும்பும். எண்ணெய் பிடிக்கும் முனை தலையிலுள்ள எண்ணெய்த் துளிக்குள் புதைந்துகொள்ள, நீர் பிடிக்கும் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, துளி நீரோடு பெயர்ந்து போகிறது. நீரின் பரப்பு இழுவிசையும் இதனால் குறைகிறது. ஆகவே, முத்து முத்தாக உருண்டு ஓடாமல் நீர் முடியின் இடுக்குகளுக்குள் பரவுகிறது.

சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிறகு வேறுபாடு எங்கே? சோப்பின் நீர் விரும்பும் முனையில் மின்னூட்டம் உண்டு; கால்சியம் அயனி அதைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. சப்போனினின் தலையில் இருப்பது சர்க்கரை. சர்க்கரையைக் கால்சியம் பிடித்துக் கட்டியாக்குவதில்லை. கடின நீரில் சர்க்கரை போட்டுக் கலக்கினால் திரிந்து போகிறதா என்ன? அதனால்தான் சப்போனின் கடின நீரிலும் தன் வேலையைப் பார்க்கிறது. நம் முன்னோருக்கு அயனி பற்றித் தெரியாது. தண்ணீரைத் தெரியும், மரத்தைத் தெரியும்; இரண்டுக்கும் பொருத்தம் பார்த்திருக்கிறார்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குப்பிகள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குப்பியில் மழைநீர். மற்ற மூன்றிலும் கிணற்று நீர். முதல் இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவலைப் போடுங்கள். மூன்றாவதில், அரப்புத் தூளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து வடிகட்டிய சாற்றைச் சேர்க்கவும். நான்காவதில் சீயக்காய்ச் சாறு. மூடி போட்டு, எல்லாவற்றையும் இருபது முறை குலுக்கிவிட்டு வரிசையாக வையுங்கள். முதல் குப்பியில் நுரை பொங்கும். இரண்டாவதில் நுரை குறைந்து, நீர் பால்போல் வெளுத்து, மேலே திரிதிரியாக மிதக்கும். மூன்றிலும் நான்கிலும் சுமாரான நுரை நிற்கும். வெள்ளைத் திரி இராது. இரண்டாவது குப்பியை அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்சுவரில் ஒட்டியிருக்கும் அந்தப் பிசுக்கு உங்கள் முடியிலும் அப்படியே ஒட்டும்.

அரப்பில் நுரை குறைவு என்பதால் பிள்ளைகளுக்கு அதைப் பிடிப்பதில்லை. நுரைதான் அழுக்கை எடுக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். நுரை கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம், அவ்வளவே. வேலை நடப்பது எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில்.

இங்கே ஷாம்புவைக் குறை சொல்லிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. 'ஷாம்பு' என்ற சொல்லே நம் நாட்டிலிருந்து போனது. இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அழுத்திப் பிடித்துவிடுதல். பீகாரின் பாட்னாவில் 1759-இல் பிறந்த சேக் டீன் மஹமது என்பவர், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தி, உடம்பு பிடித்துவிடுவதைப் புகழ்பெறச் செய்தார். மன்னர்களே அவரிடம் வந்தார்கள். அந்தச் சொல் பிறகு தலை கழுவுவதற்கு மாறி, கடைசியில் குப்பிக்குள் அடைத்த திரவத்திற்குப் பெயராயிற்று. 1930-களில் சோப்பு அல்லாத செயற்கை அழுக்கு நீக்கிகளைக் கொண்டு ஷாம்பு செய்யத் தொடங்கினார்கள். இவற்றின் கால்சியம் உப்புகள், சோப்பைப்போலக் கட்டியாகப் படிவதில்லை. ஆகவே கடின நீரைப் பொறுத்தவரை, ஷாம்புவும் அரப்பும் ஒரே கட்சி. சிறு பொட்டலங்களில் ஷாம்பு விற்பதில் முன்னோடிகள் நம் கடலூரைச் சேர்ந்தவர்கள் என்பதும் குறிப்பிடத் தக்கது. அரப்பின் சிறப்பு, அது காசு அதிகம் கேட்பதில்லை, பொட்டலக் குப்பையை விட்டுச் செல்வதில்லை என்பதே.

வடிகஞ்சி எதற்கு?

அரப்புத் தூளை வெறும் நீரில் கரைத்தால் சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும். தலையில் வைத்தாலோ நெற்றி வழியே ஒழுகிக் கண்ணுக்குள் போகும். இதனால்தான் சோறு வடித்த கஞ்சியில் கரைப்பார்கள். கஞ்சியில் உள்ள மாவுப்பொருள் வெந்து, வீங்கி, திரவத்தின் பாகுநிலையைக் கூட்டுகிறது. ஒரு துகள் திரவத்தில் கீழே விழும் வேகம், திரவத்தின் பாகுநிலை கூடக்கூடக் குறையும். இது ஸ்டோக்ஸ் கண்ட விதி. பாகுநிலை பத்து மடங்கானால் துகள் அடியில் சேரப் பத்து மடங்கு நேரம் ஆகும். கஞ்சியில் கரைத்த அரப்பு தலையில் நின்று நிதானமாக வேலை செய்வதற்குக் காரணம் இதுவே. உலர்ந்த பின் ஒரு மெல்லிய மாவுப் படலமும் முடியில் தங்கிச் சிறிது விறைப்பைத் தரும். கைத்தறிப் பாவுக்கும் வெள்ளை வேட்டிக்கும் கஞ்சி போடுவது போலத்தான்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் குக்கரில் சோறு பொங்குவதால் வடிகஞ்சிக்கு வழியில்லை. அதனால் என்ன? மரவள்ளி மாவு அரைக்கும் ஆலைகளும் ஜவ்வரிசி ஆலைகளும் நிறைந்த மாவட்டம் எங்களுடையது. ஒரு கரண்டி மரவள்ளி மாவையோ அரிசி மாவையோ ஒரு தம்ளர் நீரில் காய்ச்சி ஆறவைத்தால் அதே வேலை நடக்கும். ஊறவைத்து அரைத்த வெந்தயமும், கசக்கிய செம்பருத்தி இலையும் வழுவழுப்பான ஒரு பசையைத் தருகின்றனவே, அவையும் இந்த வகைதான். முடிக்கும் முடிக்கும் இடையே உராய்வைக் குறைப்பது அந்தப் பசையின் தொழில்.

நாட்டு ஓடு வேய்ந்த முடி

உராய்வு என்றதும் முடியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் 'காற்று ஆப்பு' என்றொரு பரிசோதனை உண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒரு முடியை வைத்து, சோடியம் விளக்கின் ஒளியில் தோன்றும் பட்டைகளை அளந்து முடியின் தடிமனைக் கணக்கிடுவார்கள். யாராவது ஒருவர் தம் தலையிலிருந்து ஒரு முடியைத் தானம் செய்தாக வேண்டும். வழுக்கை விழுந்த ஆசிரியரிடம் கேட்க யாருக்கும் துணிவு வருவதில்லை. விடை பெரும்பாலும் 0.05 மி.மீ. முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும்.

இவ்வளவு மெல்லிய முடியின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் பார்த்தால், நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். செதில்களின் திறந்த விளிம்பு முடியின் நுனியை நோக்கி இருக்கும். நுண்ணோக்கி இல்லாமலே இதை உணரலாம். உதிர்ந்த நீண்ட முடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, விரல்களை முடியின் நீளவாக்கில் முன்னும் பின்னும் தேயுங்கள். இரு பக்கமும் சமமாகவே தேய்த்தாலும் முடி ஒரே பக்கமாக நகரும். வேர் முனை முன்னே செல்லும். ஒரு திசையில் உராய்வு குறைவு, எதிர்த் திசையில் கூடுதல் என்பதே காரணம்.

சோப்பு நீர் காரத்தன்மை உடையது. காரத்தில் முடி ஊதி, செதில்கள் தூக்கிக்கொள்ளும். தூக்கிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதுதான் சிக்கு. இலேசான அமிலத்தில் செதில்கள் அடங்கிப் படியும். சீயக்காய்ச் சாறு அமிலப் பக்கம் சாய்ந்தது. வெள்ளைத் தாளில் மஞ்சள் தூள் கரைசலைத் தடவி உலர்த்துங்கள். அதில் ஒரு சொட்டு சோப்பு நீரை விட்டால் குங்குமமாகச் சிவக்கும். சீயக்காய்ச் சாற்றை விட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

சோப்புதான் கையில் இருக்கிறது, அரப்பில்லை என்றால்? கடைசிச் சொம்பு நீரில் அரை எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து ஊற்றுவது கெட்டிக்காரத்தனமான பழக்கம். அமிலம் கால்சியம் சோப்பைச் சிதைத்து, கால்சியத்தை நீரில் கரையும்படி செய்துவிடுகிறது. இரண்டாவது குப்பியில் எலுமிச்சைச் சாறு விட்டுக் குலுக்கிப் பாருங்கள். பால் வெண்மை மாறுவதைக் காண்பீர்கள். ஆனால் சாற்றைப் பிழிந்து தலையில் அப்பிக்கொண்டு வெயிலில் உட்கார வேண்டாம். எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைக் கன்றிப் புண்ணாக்கும். சேலத்து வெயிலை அறியாதவர்களா நீங்கள்?

எண்ணெயும் முட்டையும்

குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்ப்பது நம் வழக்கம். இதிலும் பொருள் இருக்கிறது. நீரில் நனைந்த முடி குறுக்குவாட்டில் ஏறத்தாழ 15 சதவீதம் பருக்கும்; உலர்ந்ததும் சுருங்கும். திரும்பத் திரும்ப இப்படி ஊதிச் சுருங்கினால் செதில்கள் பெயரும். முன்னரே எண்ணெய் ஏறிய முடி நீரை அவ்வளவாகக் குடிப்பதில்லை. 2003-இல் ரெலே, மொஹிலே என்னும் இரண்டு ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டார்கள். அதிலுள்ள லாரிக் அமிலத் தொடர் சிறியது, நேரானது. முடிக்குள் நுழைய இடம் கிடைக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆய்வாளர்கள் பணியாற்றியது தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தில். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் எந்த ஆய்வைப் படித்தாலும், யார் செய்தது என்று பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இப்போதே வர வேண்டும். நல்லெண்ணெய் அந்தச் சோதனையில் இல்லை. ஆகவே அதற்கு இந்த முடிவைப் பொருத்திப் பேசக்கூடாது.

விளக்கெண்ணெய் வேறு வகை. ஆமணக்கு எங்கள் மானாவாரிக் காடுகளின் பழைய பயிர்; மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்துச் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விளக்கெண்ணெயின் பாகுநிலை தேங்காய் எண்ணெயைப்போல் பத்து மடங்குக்கும் மேல். முடிக்குள் போகாது, மேலே தடித்த பூச்சாக நிற்கும். தனியாகத் தேய்த்தால் அரப்பும் அதை எடுக்கத் திணறும். மார்கழியில் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரி செல்சியஸ் வாக்கில் உறைந்து குப்பியிலிருந்து வர மறுக்கும். பக்கத்திலேயே விளக்கெண்ணெய் சோம்பலாக ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது முட்டை. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை தரும் நாமக்கல்லில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடலாமா? முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. முட்டையிலும் புரதம் இருக்கிறது. ஆகவே முட்டை தேய்த்தால் முடி வளரும் என்பது பலருடைய தருக்கம். சுவர் செங்கல்லால் ஆனது, ஆகவே சுவர்மேல் செங்கல்லை எறிந்தால் சுவர் உயரும் என்பது போன்றது இது. வெண்கருப் புரதத்தின் மூலக்கூறு முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. மேலும் தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதற்கு ஊட்டம் கொடுக்க எவராலும் முடியாது. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் சிறிது வழவழப்பைத் தரும், அவ்வளவுதான். 'முட்டை தேய்த்து வெந்நீர் ஊற்றினால் தலையிலேயே அவிந்துவிடும்' என்றொரு பயமும் உண்டு. வெண்கரு இறுகத் தொடங்குவது 60 டிகிரி வாக்கில். அந்தச் சூட்டில் முட்டை வேகும் முன் தலை வெந்துவிடும். ஆகவே அந்தக் கவலை வேண்டாம். முட்டை செய்யக்கூடிய உண்மையான உதவி வேறு வழியாக நடக்கிறது. முடி வளர்வது தோலுக்குள் புதைந்த வேர்ப்பையில். அங்கே பொருள் கொண்டு சேர்ப்பது இரத்தம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. அது இரத்தத்திற்குப் போக வாய் வழியாகத்தான் செல்ல வேண்டும். பள்ளிச் சத்துணவில் முட்டை வரும்போது தட்டிலிருந்து தள்ளிவிடாதீர்கள்.

முடி உதிர்கிறதே என்று உங்களில் பலர் கவலைப்படுவது எனக்குத் தெரியும். இதற்கும் ஒரு கணக்கு. தலையில் சுமார் 1 லட்சம் முடிகள். ஒரு முடியின் ஆயுள் மூன்று ஆண்டு, அதாவது ஏறத்தாழ 1,000 நாள் என்று கொண்டால், நாளொன்றுக்கு 100 முடி உதிர்வது இயற்கையே. வாரம் ஒரு முறை தலை குளிப்பவருக்கு, அந்த ஒரு நாளில் பல நாள் முடி சேர்ந்து வந்து பயமுறுத்தும். கொத்துக் கொத்தாக, திட்டுத் திட்டாகக் கொட்டினால் அது வேறு. அதற்கு அரப்போ கறிவேப்பிலை எண்ணெயோ மருந்தல்ல. மருத்துவரிடம் காட்டி, இரத்தச் சோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வளர்கிற பெண் பிள்ளைகளிடம் இரும்புச் சத்துக் குறைவு அதிகம்.

'இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை' என்றும் எண்ணிவிடாதீர்கள். எண்ணெய்ப் படலத்தைக் குலைக்கும் அதே சப்போனின், உயிரணுவின் சவ்வையும் குலைக்கும். அரப்பு கண்ணில் பட்டால் எரிவது இதனால்தான். சப்போனின் உள்ள செடிகளைக் குட்டையில் கரைத்து மீனை மயங்கவைத்துப் பிடிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் உண்டு. கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறைய நீர் விட்டுக் கழுவுங்கள். பொடுகு என்பது தோலின் எண்ணெயைத் தின்று வாழும் ஒரு வகைப் பூஞ்சையோடு தொடர்புடையது. அதற்கு மேலும் எண்ணெய் பூசுவது விருந்து வைப்பதாகும். பேனுக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அடுப்படிப் பக்கம் போனால் தீப்பிடிக்கும், ஒருபோதும் கூடாது. 'கறுப்பு மருதாணி' என்று விற்பதும் இலை அன்று. மருதாணி சிவக்குமே தவிரக் கறுக்காது. அதில் பாராஃபினிலீன் டையமின் என்னும் சாயப்பொருள் கலந்திருக்கலாம். சிலருக்கு அது தோலை வெந்ததுபோல் ஆக்கிவிடும்.

உங்கள் ஊர் நீரை அளந்து பாருங்கள்

கடைசியாக, வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் அளவீடு. தாமஸ் கிளார்க் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலார் 19-ஆம் நூற்றாண்டில் கையாண்ட முறையின் எளிய வடிவம் இது. உறையில் 'டி.எஃப்.எம்.' அளவு அச்சிட்ட குளியல் சோப்பை வாங்குங்கள். அது மெய்யான சோப்பு. அதில் 2 கிராம் சீவி, 100 மி.லி. மழைநீரில் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில், இலேசாகச் சூடாக்கிக் கரையுங்கள். ஒரு சிறு குப்பியில் 20 மி.லி. கிணற்று நீர் எடுத்து, மைச் சொட்டியால் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சில சொட்டுக்கும் நன்றாகக் குலுக்குங்கள். குப்பியைப் படுக்கவைத்தால் ஐந்து நிமிடம் வரை நுரை கலையாமல் இருக்கும் நிலை வரும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். மழைநீருக்கும் இதையே செய்து, அந்த எண்ணிக்கையைக் கழித்துவிடுங்கள்.

ஒரு மி.லி. என்பது ஏறத்தாழ 20 சொட்டு. ஆகவே ஒரு சொட்டில் 1 மில்லிகிராம் சோப்பு. மேலே போட்ட கணக்கின்படி, கடினத்தன்மை 500 உள்ள நீருக்கு 60 சொட்டு வர வேண்டும். சோப்புக் கட்டியில் ஈரமும் மணப்பொருளும் கலந்திருப்பதால் 10, 15 சொட்டு கூடவும் ஆகலாம். சித்திரையில் கிணறு வற்றிக் கிடக்கும்போது ஒரு முறை அளந்து நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். ஐப்பசி மழையில் கிணறு ஏறிய பிறகு இன்னொரு முறை அளவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றையும், ஊர்ப் பொதுக் கிணற்றையும், காவிரிக் குழாயையும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஊருக்குள் சொட்டுக் கணக்கு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, எந்தத் தண்ணீருக்கு எது தோதுப்படும் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள் சொல்லலாம்.